'சூப்பர்' சொன்னால் பத்திரிகை பிழைக்குமா?

2012ஆம் வருடம் இரண்டு பத்திரிகைகள் பிறந்தன. இரண்டையும் கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்தவர்கள் சம்பளம் வாங்காமல், ராத்திரி தூக்கத்தை விட்டுத் தயாரித்தார்கள். இரண்டும் பிடிஎஃப். இரண்டும் இலவசம்.

ஒன்றின் பெயர் 'மேக்பை'. ராஸ்பெர்ரி பை என்கிற இங்கிலாந்துக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு அதன் ரசிகர்கள் மே மாதம் ஆரம்பித்தது. 2015ல் அந்தக் கம்ப்யூட்டரைச் செய்த அறக்கட்டளையே பத்திரிகையை ஏற்றுக்கொண்டது. அதே வருடம் டிசம்பர் இதழின் அட்டையில் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே ஒட்டிக் கொடுத்தார்கள். நம்மூர் வார இதழ்களில் ஷாம்பு பாக்கெட் ஒட்டித் தருவார்களே, அந்த மாதிரி! கடைகளில் போட்டதும் காலி.

இன்னொன்று அதற்கு நாலு மாதம் முந்தியே, ஜனவரியில், சென்னை வட்டாரத்தில் பிறந்தது. பெயர் 'கணியம்'. ஆசிரியர் த.சீனிவாசன். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் ஒரு மாத இதழ். லினக்ஸ் நிறுவுவது எப்படி, மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் போடுவது எப்படி, லிபர்ஆபீஸை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று எல்லாம் தமிழில். எழுதுகிறவருக்குக் காசு கிடையாது. படிக்கிறவரும் காசு தர வேண்டாம். படித்ததை நகல் எடுக்கலாம், மாற்றலாம், அச்சடித்து விற்கக்கூடச் செய்யலாம். இரண்டே நிபந்தனை: எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது இதைத்தான்.

கணியத்தின் அட்டையில் யாரும் கம்ப்யூட்டர் ஒட்டவில்லை. கொஞ்ச காலம் இதழ் இதழாக வந்தது. பிறகு மாத இதழ் என்ற கட்டு அவிழ்ந்து, கட்டுரைகள் எழுத எழுத ஒவ்வொன்றாக வெளியாகிற முறைக்கு மாறிவிட்டது. 2018ல் கணியம் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. கட்டுரைகள் வருகின்றன, மின்னூல்கள் வருகின்றன, ஆட்கள் உழைக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 'இந்த மாசம் கணியம் வந்தாச்சா?' என்று யாரும் யாரிடமும் கேட்க முடியாது. மாதம் என்பதே போய்விட்டதே!

இந்தக் கட்டுரை சண்டை போடப்போவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கணியம் மறுபடியும் தேதி போட்ட, எண் போட்ட இதழாக வர வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் இத்தனை வருடமாக முதுகொடிய உழைத்தவர்கள் அல்ல. அவர்களுக்கு 'சூப்பர், தொடரட்டும் உங்கள் பணி' என்று ஒரு வரி அனுப்பிவிட்டுத் தூங்கப்போன சென்னைக் கல்லூரி மாணவர்கள். அதிலும் முக்கியமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்கள்!

அட, பி.காம். பசங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மேட்டருக்கு வருவோம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்தடுத்த வருடங்களில் லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு மடிக்கணினி போனது. அதில் விண்டோஸோடு கூட 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸ் யாரோ அமெரிக்கர்கள் செய்தது இல்லை, சி-டாக் செய்த இந்தியச் சரக்கு. அந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று மந்தைவெளியிலோ மேற்கு மாம்பலத்திலோ அந்தக் காலத்தில் மடிக்கணினி வாங்கிய அண்ணன், அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'ஆன் பண்ணினா ரெண்டு பேர் வரும், மேல இருக்கறதை அழுத்துவோம்' என்பார்கள். கீழே இருந்தது என்ன என்று தமிழில் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டாமா? மடிக்கணினித் திட்டம் தொடங்கி நாலு மாதத்தில் வந்த கணியம் அந்த ஆளாக இருந்தது. அரசாங்கம் பெட்டியைக் கொடுத்தது. பெட்டியைத் திறக்கிற கையேட்டை ஒரு சின்னக் கூட்டம் ஊதியம் இல்லாமல் எழுதியது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு வருடத்துக்குள் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லட் அல்லது மடிக்கணினி என்று மறுபடியும் அறிவித்தார்கள். பெட்டி வரும். கையேடு?

சரி, தமிழில் இதற்கு முன்னால் கம்ப்யூட்டர் பத்திரிகையே இல்லையா? இருந்தது. 'தமிழ் கம்ப்யூட்டர்' என்று ஒரு பத்திரிகை வந்தது. தினமலர் 'கம்ப்யூட்டர் மலர்' கொடுத்தது. அதற்கும் முன்னால் சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' எழுதி ஒரு தலைமுறைக்கே விஞ்ஞானக் கிறுக்கு ஏற்றிவிட்டார். ஆங்கிலத்தில் 1996லேயே 'பிசி குவெஸ்ட்' பத்திரிகை லினக்ஸ் சிடியை இலவசமாகக் கொடுத்தது. இன்றைக்கு நடுவயதில் இருக்கிற பல இன்ஜினியர்களுக்கு லினக்ஸ் முதல்முதலில் கிடைத்தது அந்தச் சிடியில்தான். 2003ல் டெல்லியிலிருந்து 'லினக்ஸ் ஃபார் யூ' வந்தது, 2012ல் பெயரை 'ஓப்பன் சோர்ஸ் ஃபார் யூ' என்று மாற்றிக்கொண்டது. எல்லாம் சரி. அந்தப் பழைய தமிழ் இதழ்கள் இப்போது எங்கே?

மயிலாப்பூர் லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு கிடைக்கும், அதுவும் அட்டை கிழிந்து. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் நூறு வருடத்துக்கு முந்திய நாடகப் பாட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துவிடலாம். இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு கம்ப்யூட்டர் கட்டுரையை அதை எழுதினவர் ஹார்டு டிஸ்க்கிலிருந்தே எடுக்க முடியாது! ஏன் தெரியுமா? எழுத்துரு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். யூனிகோடுக்கு முன்னால் தமிழ் தட்டச்சு என்பது ஆளுக்கொரு தாளம். ஒவ்வொரு கம்பெனியும் தன் எழுத்துருவில் எந்த இடத்தில் 'க' வைப்பது, எந்த இடத்தில் கொம்பு வைப்பது என்று இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு 'டேம்', 'டேப்' என்று இரண்டு தரங்களைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் 'திஸ்கி' வைத்திருந்தார்கள். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு முறையாக ஏற்றுக்கொண்டது 2010ல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில். அதுவரை பேஜ்மேக்கரில் செய்த பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் பூச்சி பூச்சியாக ஏதோ வரும். எழுதினது தமிழ்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்று தெரியாது. தேட முடியாது, வெட்டி ஒட்ட முடியாது. எழுத்துரு கம்பெனி மூடினால் பத்திரிகையும் கூடவே உடன்கட்டை.

அதோடு காப்புரிமை வேறு. பத்திரிகை நின்ற பிறகு பழைய கட்டுரைகளை மறுபடி வெளியிடலாமா என்று யாரைக் கேட்பது? ஆசிரியரையா, முதலாளியையா, எழுதினவரையா? ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் ஒருத்தரும் தொடுவதில்லை.

கணியம் இந்த இரண்டு பள்ளத்திலும் விழவில்லை. முதல் நாளிலிருந்தே யூனிகோடு, முதல் நாளிலிருந்தே திறந்த உரிமம். நாளைக்கே எல்லோரும் கடையை மூடிவிட்டுப் போனாலும் அந்தக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம், சட்டப்படி. அதாவது கட்டுரைகள் சாகாது. சாகக்கூடியது பத்திரிகை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பவர்களுக்கு: அரிசி மூட்டை வேறு, சாப்பாடு வேறு. பத்திரிகை என்றால் ஒருத்தர் உட்கார்ந்து 'இது இந்த மாதம் வேண்டாம், புதுசாக வருகிறவனுக்குப் புரியாது' என்று சொல்கிறார். 'மூன்றாம் பாகத்தில் சொன்ன கட்டளை வேலை செய்யவில்லை' என்று வந்த கடிதத்தைப் பார்த்து நாலாம் பாகத்தில் திருத்தம் போடுகிறார். 25ஆம் தேதிக்குள் கட்டுரை வரவில்லை என்றால் போன் போட்டு உயிரை எடுக்கிறார். அந்தத் தொல்லை இல்லாமல் தமிழில் ஒரு தொடர் முடிந்ததாகச் சரித்திரம் உண்டா? நித்யா துரைசாமி எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்', 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' புத்தகங்கள் கணியத்தில் கட்டுரைகளாக வந்து சேர்ந்தவைதான். ஒரே மூச்சில் புத்தகம் எழுது என்று சொன்னால் ஓடிவிடுகிற ஆள்கூட மாதம் ஆறு பக்கம் கேட்டால் எழுதிவிடுவார்.

மாதம் என்பது படிக்கிறவனுக்கும் வேண்டும். 'எல்லாம் அங்கே இருக்கு, போய்ப் படி' என்றால் யாரும் படிப்பதில்லை. கன்னிமரா நூலகத்திலும்தான் எல்லாம் இருக்கிறது! முப்பது பக்கம், முதல் பக்கம் இது, கடைசிப் பக்கம் இது, அடுத்தது அடுத்த மாதம் என்றால் படித்து முடித்துவிடுவான். முடித்தோம் என்கிற திருப்தி இல்லாமல் ஒரு பழக்கம் ஒட்டாது.

இப்போது பணம். பத்திரிகை தடுமாறுகிறது என்றதும் நம் ஆட்கள் சொல்கிற முதல் வைத்தியம் 'ஸ்பான்சர் பிடி', 'நன்கொடை கேள்'. காமர்ஸ் படிக்கிறவர்களாவது கொஞ்சம் கணக்குப் பார்த்துப் பேசலாம். பேப்பர் இல்லை, அச்சு இல்லை, தபால் இல்லை, ஏஜெண்ட் கமிஷன் இல்லை, கடையிலிருந்து திரும்பி வருகிற ரிட்டர்ன் கட்டு இல்லை. நூறு பேர் படித்தாலும் லட்சம் பேர் படித்தாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த மாதிரி ஒரு பொருளைக் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது.

பணம் இருந்தால் பத்திரிகை வாழும் என்பதும் பொய். 'பைட்' பத்திரிகை 1975 முதல் 1998 வரை வந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகைகளுக்கெல்லாம் பெரியண்ணன், லட்சக்கணக்கில் விற்பனை. 1998ல் கை மாறியது. வாங்கிய கம்பெனி அந்த வருடமே ஜூலை இதழோடு மூடிவிட்டது. வாசகர்கள் அடுத்த மாதம் கடைக்குப் போய்ப் பார்த்தால் இல்லை! 1976ல் பொழுதுபோக்குக்காரர்களுக்காக ஆரம்பித்த 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' 2009ல் அச்சை நிறுத்தி, 2014 கடைசியில் மொத்தமாக நின்றது. 1994ல் தொடங்கிய 'லினக்ஸ் ஜர்னல்' கதை இன்னும் சோகம். 2017 டிசம்பரில் கையில் காசில்லை என்று மூடுவதாக அறிவித்தார்கள். ஒரு கம்பெனி வந்து காப்பாற்றியது. வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கொண்டாடினார்கள். 2019 ஆகஸ்ட்டில் மறுபடி மூடினார்கள். ஸ்பான்சரை நம்பினால் ஸ்பான்சரின் ஆயுள்தான் பத்திரிகையின் ஆயுள்.

'லினக்ஸ் வாய்ஸ்' என்று இங்கிலாந்தில் ஒன்று. 2013 கடைசியில் நாலு பேர் வேலையை விட்டு வெளியே வந்து வாசகர்களிடமே காசு கேட்டார்கள். கேட்டது 90 ஆயிரம் பவுண்டு, கிடைத்தது அதற்கும் மேலே. ஒன்பது மாதம் ஆனதும் எல்லாக் கட்டுரைகளையும் திறந்த உரிமத்தில் விடுவோம் என்று வாக்குக் கொடுத்து அப்படியே செய்தார்கள். அருமையான ஆட்கள். அதுவும் 2016ல் இன்னொரு பத்திரிகையோடு இணைந்துவிட்டது. வாசகர் ஆதரவும் இருந்தது, காசும் இருந்தது. மாதாமாதம் வேலை செய்ய அந்த நாலு பேருக்குப் பதில் நாலு பேர் இல்லை.

தமிழ்நாட்டுக்கு என்றே இன்னொரு நோய் இருக்கிறது. தியாகி வழிபாடு! சி.சு.செல்லப்பா 1959ல் 'எழுத்து' ஆரம்பித்து 1970 வரை நடத்தினார். திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு, புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக அலைந்தார். இதைச் சொல்லாத இலக்கியக் கூட்டம் உண்டா? ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருத்தர் தழுதழுத்த குரலில் சொல்வார், கீழே இருப்பவர்கள் 'ச்சு' கொட்டுவார்கள். அவர் கட்டைத் தூக்கினபோது இன்னொரு கை கொடுக்க ஏன் ஆள் இல்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சிற்றிதழ் என்றால் ஒரு மனுஷன் அழிந்துபோக வேண்டும், அப்போதுதான் அது சுத்தமான சிற்றிதழ் என்று ஒரு கிறுக்குத்தனம். நாமும் கைதட்டிவிட்டு அடுத்த பலிக்குக் காத்திருக்கிறோம்.

'உங்களை மாதிரி ஆள் இருக்கறதாலதான் சார் தமிழ் வாழுது!' இதைவிடக் கொடுமையான வாக்கியம் கிடையாது. அர்த்தம் என்ன? 'நான் செய்யப்போவதில்லை, நீயே செத்துப் போ'.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முப்பது பக்க இதழ், பத்துக் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை எழுத ஆள் இருக்கிறார்கள், அது தனி. ஒரு கட்டுரையைப் படித்து, சொன்னபடி செய்து பார்த்து, வாக்கியத்தைச் சீராக்கி, புரூஃப் பார்க்க மூன்று மணி நேரம். பத்துக்கு முப்பது. லே அவுட்டுக்குப் பத்து. எழுதுகிறவர்களைத் துரத்த, படம் தேட, அட்டை போடப் பத்து. ஆக ஐம்பது மணி நேரம். ஆபீஸ் போகிற ஒருத்தர் ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் என்று உட்கார்ந்தால் 25 ராத்திரி. மிச்சம் ஐந்து ராத்திரியில் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வேண்டும் :-) எத்தனை மாதம் தாங்குவார்? இந்த ஐம்பது மணி எந்த வரவு செலவிலும் வராது, எந்த ஆடிட்டரும் கேட்க மாட்டார். பத்திரிகையைக் கொல்வது இதுதான்.

இதே ஐம்பதை ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்குப் பத்து. மயிலாப்பூரில் விவேகானந்தா, கடற்கரையில் ராணி மேரி, தி.நகரில் ஷாசன், அடையாறில் பேட்ரிசியன். நாலு கல்லூரி, கல்லூரிக்கு ஐந்து பேர். மாதம் ஒரு கல்லூரி முறை வைத்தால் ஒவ்வொரு கல்லூரிக்கும் வருடத்துக்கு மூன்று இதழ்தான் வரும். ஒரு ஆளுக்கு வருடம் முப்பது மணி நேரம். ஒன்பது ஐபிஎல் மேட்ச் பார்க்கிற நேரம் அது, அதுவும் சூப்பர் ஓவர் இல்லாமல்.

ஏன் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், காமர்ஸும் தமிழும் பொருளாதாரமும் வேண்டும் என்றால், குறை இருப்பது புரோகிராம் எழுதுகிற ஆளில் இல்லை. 'டெர்மினலைத் திறந்துகொள்ளவும்' என்று கட்டுரை ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவன் தாண்டிப் போய்விடுவான். பி.காம். மாணவி அங்கேயே நிற்பாள். 'டெர்மினல்னா என்ன? கோயம்பேடா?' என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் கட்டுரைக்கு வேண்டியது. அவள் படித்துச் செய்து பார்த்து வேலை நடந்தால் கட்டுரை ரெடி. நடக்காவிட்டால் எழுதினவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். தெரியாதவர் கையில் எடிட்டிங் இருப்பது இந்தத் தொழிலில் பெரிய பலம். தெரிந்தவரே எழுதித் தெரிந்தவரே திருத்தி வந்த கட்டுரைகள் எப்படி இருக்கும் என்று தமிழ் தொழில்நுட்பக் கட்டுரைகள் படித்தவர்களுக்குத் தெரியும். முதல் பத்தியில் வணக்கம், இரண்டாம் பத்தியில் கெர்னல் கம்பைலிங்!

இனி வழக்கமான மறுப்புகள். 'யூட்யூப்ல எல்லாம் இருக்கே.' இருக்கிறது. அதில் ஓடுகிற கட்டளையை வெட்டி எடுத்து ஒட்ட முடியுமா? பதினாலாவது நிமிடத்தில் சொன்ன ஒரு எண்ணைத் திரும்பத் தேடிய அனுபவம் யாருக்கு இல்லை? 'ஏஐ கிட்ட கேட்டா தமிழ்லயே சொல்லுதே.' சொல்கிறது. அது எங்கிருந்து தமிழ் கற்றுக்கொண்டது? யாரோ தமிழில் எழுதி வைத்ததிலிருந்துதான். எழுதுகிறவர்கள் நிறுத்திவிட்டால் அது ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் மொழிபெயர்க்கிற பாடப்புத்தக நடையைத்தான் காலாகாலத்துக்கும் கொடுக்கும். தவிர, அது தப்பாகச் சொன்னால் அடுத்த இதழில் திருத்தம் போடுமா? உங்களுக்குச் சொன்ன தப்பை அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே தன்னம்பிக்கையோடு சொல்லிக்கொண்டு இருக்கும்.

'எங்களுக்கு அனுமதி யார் தருவா?' இதுதான் வேடிக்கை. அனுமதியே வேண்டாம்! உரிமம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இதுவரை வந்த கட்டுரைகளில் பத்தைப் பொறுக்கி, எழுதினவர்கள் பெயர் போட்டு, பழசானதைத் திருத்தி, ஒரு இதழாகக் கட்டி நாளைக்கே வெளியிடலாம். கணியம் என்ற பெயரில் விடுவதானால் மரியாதைக்கு அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். புதுக் கட்டுரைக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. லினக்ஸ் விஷயத்தில் நாலைந்து வருடத்துக்கு முந்தைய கட்டுரையில் பாதிக் கட்டளை மாறியிருக்கும். அதைச் சரிபார்த்து மறுபடி போடுவதே பெரிய சேவை.

நின்றது திரும்ப வருமா என்றால், வந்திருக்கிறது. 'பேஜ்டு அவுட்' என்று ஒரு இலவசப் பத்திரிகை. போலந்துக்காரர் ஒருவர் ஆரம்பித்தது. ஒரு கட்டுரை என்றால் ஒரே ஒரு பக்கம், அதற்கு மேல் கிடையாது என்று விதி. எழுதுகிறவனுக்கும் பயமில்லை, திருத்துகிறவனுக்கும் சுமையில்லை. 2019ல் இரண்டு இதழ் வந்தது. அப்புறம் நாலு வருடம் சத்தமே இல்லை. போச்சு என்று எல்லோரும் தலைமுழுகிய பிறகு 2023 டிசம்பரில் மூன்றாவது இதழ் வந்தது, அதற்கப்புறமும் வந்தது. ஒரு பக்க விதியைத் தமிழுக்கு அப்படியே காப்பி அடிக்கலாம். நம் ஆட்களுக்கு முன்னுரை எழுதவே ஒரு பக்கம் வேண்டுமே என்பது வேறு கவலை.

உதவிக்கு ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இருக்கிறது. பல வருடங்கள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடியில் கூடினார்கள். அடையாறு பஸ் டிப்போவிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் அந்தக் கூட்டங்களுக்குப் பி.காம். மாணவர் யாராவது போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? காஞ்சி லினக்ஸ் பயனர் குழுக்காரர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள். கட்டளை ஓடவில்லை என்றால் கேட்க ஆள் உண்டு. கேட்கத்தான் ஆள் இல்லை.

கடைசியாகப் படிக்கிறவர்கள் யார் என்ற கேள்வி. தி.நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே போனால் தையல் சாமான் கடை, பாத்திரக்கடை, வளையல் மொத்த வியாபாரம். பாதிக் கடையில் கம்ப்யூட்டர் இருக்கும். கணக்கு எழுதுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருப்பார்கள், அல்லது வாங்காமலே ஓட்டிக்கொண்டு இருப்பார்கள் (எப்படி என்று கேட்கக் கூடாது). 'குனுகேஷ்' என்று ஒன்று இருக்கிறது, இரட்டைப் பதிவு முறையில் ஒழுங்காகக் கணக்கு எழுதலாம், நயா பைசா தர வேண்டாம் என்று அந்த அண்ணாச்சிக்கு யார் சொன்னார்கள்? கம்ப்யூட்டர் சயின்ஸ்காரருக்குப் பற்று எது வரவு எது என்று தெரியாது. ஆடிட்டருக்குக் குனுகேஷ் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரே ஜீவன் பி.காம். இரண்டாம் வருடம். ஜர்னல் என்ட்ரி, லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ் மூன்றையும் குனுகேஷில் போட்டுக் காட்டி, ஒரு வளையல் கடையின் ஒரு வாரக் கணக்கை உதாரணமாக வைத்து, இரண்டு பக்கம் தமிழில் எழுத எத்தனை நேரம் ஆகும்?

ஏப்ரல் 1 அன்று கடைக்காரர்கள் புதுக் கணக்கு ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும் என்றால் மார்ச் இதழ். மார்ச் இதழுக்குக் கட்டுரை பிப்ரவரி 20க்குள் வர வேண்டும், 25ல் லே அவுட், 1ஆம் தேதி வெளியீடு. முப்பது பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தால் பக்கம் ஒரு ரூபாய் வைத்தாலும் முப்பது ரூபாய். பாண்டி பஜாரில் ஒரு ஜூஸ் விலைகூட இல்லை. பத்துப் பிரதி எடுத்துக் கடைகளில் கொடுக்கலாம். முதல் முறை மயிலாப்பூர்க்காரர்களுடையது என்று வைத்துக்கொண்டால், ஏப்ரல் தி.நகர், மே மாதம் பரீட்சை முடிந்து ஊருக்குப் போகாமல் இருக்கிற அடையாறுக்காரர்கள். ஜூன் ராணி மேரி.